அலைத்தடுப்பு கட்டுறது எப்படி: குவாரி கல்லுல இருந்து டெட்ராபாட் வரைக்கும்

கடலுக்குள்ள நீட்டிக்கிட்டுப் போற அலைத்தடுப்ப கரையில நின்னு பாக்குறவங்க அத ஒரு சுவருன்னுதான் நினைப்பாங்க, பேப்பர்லயும் அலை தடுப்புச் சுவர்னுதான் எழுதுறாங்க. சைட்டுக்குப் புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இது சுவரு இல்லப்பா, குவியல். சுவரு அலைய முட்டித் திருப்பி விடும். குவியல் அலைய உள்ள வாங்கிக்கும், கல்லு இடுக்கு பிளாக் இடுக்குன்னு நூறு வழியில ஓட விட்டு அதோட வேகத்த எல்லாம் அங்கயே செலவழிக்க வச்சு வெறும் தண்ணியா இறக்கி விடும். இந்த ஒரு விஷயம் மனசுல பதிஞ்சுட்டா ஏன் இடைவெளி விடுறோம், ஏன் மேல சிமெண்டு பூசி அடைக்கக் கூடாது, ஏன் கீழ இருக்கற கல்லு மேல இருக்கற டெட்ராபாட (நாலு கால் காங்கிரீட் பிளாக்) விட முக்கியம்னு எல்லாம் தானா புரியும்.

நான் இங்க சொல்லப் போறது நம்ம கன்னியாகுமரி மேற்குக் கடற்கரைப் பக்கம் இருக்கற மாதிரி ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கான அலைத்தடுப்பு, ஆனி ஆடியில கடல் பொங்கி அடிக்கிற இடம், ஆழம் ஆறு ஆறரை மீட்டர். வெட்டிப் பாத்தா நடுவுல கோர், அதாவது குவாரியில இருந்து வர்ற கலப்புக் கல்லு. அதுக்கு மேல போர்வை மாதிரி அண்டர்லேயர், ஒரு டன் ஒன்றரை டன் கல்லு. அதுக்கு மேல கவசமா காங்கிரீட் பிளாக். கடல் பக்கம் அடியில கால் மாதிரி முட்டுக் குடுக்குற கல்லு வரிசை, அத டோன்னு சொல்லுவோம். உச்சியில கிரவுன் வால்னு சொல்ற காங்கிரீட் சுவரு. இவ்வளவுதான் சமாச்சாரம், ஆனா ஒவ்வொரு லேயரும் தனக்குக் கீழ இருக்கறது மேல வழியா உறிஞ்சிட்டுப் போகாம பாத்துக்கணும், கீழ இருக்கறது மேல இருக்கறது சறுக்காம தாங்கணும்.

முதல்ல கடல விசாரிக்கணும். எக்கோ சவுண்டர் வச்சு ஆழ சர்வே, போர்ஹோல் போட்டு அடி மண்ணு மணலா களியான்னு பாக்குறது, மிதவை வச்சு அலை உயரம் அளக்குறது எல்லாம் கட்டாயம். அதோட ஊர் மீன்பிடிக்காரங்ககிட்ட போய் உக்காந்து கேளுங்க, எந்த மாசம் நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கும், மணல் எங்க ஏறும் எங்க அரிக்கும், வள்ளம் கரைக்கு வரும்போது எந்த இடத்துல அலை குறுக்க உடையும்னு, தலைமுறை தலைமுறையா உயிரப் பணயம் வச்சுப் பாத்த டேட்டா அது, எந்த மெஷின்லயும் கிடைக்காது. துறைமுக வாய் எந்தத் திசையப் பாத்துத் திறக்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே இத கேட்டாகணும். தேங்காபட்டணத்துல துறைமுக முகத்துல படகு கவுந்து எத்தன உயிர் போச்சுன்னு அந்த ஊர்ல யாருகிட்ட வேணா கேட்டுப் பாருங்க. வாய் தப்பான பக்கம் திரும்பியிருந்தாலும், வாயில மணல் சேந்து ஆழம் குறைஞ்சாலும், உள்ள எவ்வளவு அமைதியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா படகு அந்த வாய் வழியாத்தான் வந்தாகணும்.

மணல் விஷயம் இன்னும் பெருசு. 1876ல சென்னையில துறைமுக வேலை ஆரம்பிச்ச பிறகு தெற்குல மணல் சேந்து சேந்துதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு, அந்த மணல் கிடைக்காத வடக்குல ராயபுரத்துல இருந்து மேல கடல் ஊரத் தின்னுது. புதுச்சேரியிலயும் 1980கள்ல அலைத்தடுப்பு கட்டின பிறகு வடக்கு கரை காணாமப் போச்சு. அதனால மணல் எந்தப் பக்கம் போகுது, தடுத்தா பக்கத்து ஊருக்கு என்ன ஆகும், தேங்குற மணல எடுத்து மறுபக்கம் போடுறதுக்கு என்ன ஏற்பாடு, வருஷா வருஷம் அதுக்குப் பணம் எங்க இருந்து வரும்னு டிசைன் பேப்பர்லயே எழுதியிருக்கணும். எழுதலைன்னா வேலைய ஆரம்பிக்காதீங்கன்னுதான் நான் சொல்வேன்.

டிசைன் முடிஞ்சதும் மாடல் டெஸ்ட் பண்ணுவாங்க. புனேயில கடக்வாஸ்லா பக்கத்துல இருக்கற மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐஐடியோட கடல்சார் பொறியியல் துறை, இங்கல்லாம் தொட்டியில குட்டி அலைத்தடுப்பு கட்டி அலைய அடிச்சுப் பாப்பாங்க. வாய்ப்புக் கிடைச்சா போய் நேர்ல பாருங்க, எந்த இடத்துல பிளாக் முதல்ல ஆடுதுன்னு ஒரு தடவ கண்ணால பாத்துட்டா சைட்ல அந்த இடத்த வைக்கும்போது கை தானா கவனமாயிடும்.

இப்ப கணக்கு. பிளாக் எத்தன டன்னு வேணும்னு பாக்க பழைய முறை ஹட்சன் ஃபார்முலா, அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி நிலையத்துல 1950கள்ல வந்தது. அலை உயரத்த மூணு தடவ எழுதிப் பெருக்கி (5 × 5 × 5 மாதிரி), அத காங்கிரீட்டோட அடர்த்தியால பெருக்கிக்கணும். கீழ வகுக்கறதுக்கு மூணு சங்கதி: பிளாக்கோட நிலைப்பு எண் (அந்த வடிவம் எவ்வளவு உறுதியா நிக்கும்ங்கறதுக்கான எண்), சரிவு எவ்வளவு படுத்திருக்குங்கறது, அப்புறம் காங்கிரீட் கடல் தண்ணிய விட எத்தன மடங்கு கனம்னு பாத்து அதுல ஒண்ணக் கழிச்சு, வர்றத அதே மாதிரி மூணு தடவ எழுதிப் பெருக்கினது. ஆழம் ஆறரை மீட்டர்னா அந்த இடத்துல நிக்கிற அலை ஏறக்குறைய ஆழத்துல 0.78 பங்கு, அதுக்கு மேல உடைஞ்சிடும், அப்ப 5 மீட்டர்னு வச்சுக்குவோம் (ஆழம்னா வேலியேத்தத்துல பெருகுற தண்ணியும் புயல்ல ஏறுற தண்ணியும் சேத்துத்தான்). டெட்ராபாடுக்கு உடையுற அலையில எண் 7, சரிவு ஒண்ணுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஏற ஒன்றரை மீட்டர் படுக்கை), காங்கிரீட் கன மீட்டருக்கு 2.4 டன். போட்டுப் பாத்தா 12 டன்கிட்ட வரும். அதே இடத்துல அலை 4 மீட்டர்தான்னு யாராவது எழுதியிருந்தா 6 டன் போதும்னு வந்திருக்கும். ஒரு மீட்டர் வித்தியாசம், எடை டபுள். அதனாலதான் அலை உயரத்துல மட்டும் யாரும் சமரசம் பேச வந்தா ஒத்துக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன்.

சரி, அத கல்லுலயே செய்யக் கூடாதான்னு கேப்பீங்க. அதே 5 மீட்டர் அலைக்கு சரிவ ஒண்ணுக்கு ரெண்டுன்னு இன்னும் படுக்க வச்சாக் கூட 20 டன்னுக்கு மேல ஒத்தக் கல்லு வேணும். அப்படி ஒரு கல்ல உடையாம எடுத்து, ரோட்டுல கொண்டு வந்து, ஆயிரக்கணக்குல குவிக்கிறதுங்கறது நடக்காத காரியம். அதுக்குத்தான் காங்கிரீட் பிளாக். டெட்ராபாட் 1950ல பிரான்ஸ்ல கிரெனோபிள் ஊர்ல இருக்கற ஆய்வுக்கூடத்துல பிறந்தது, நாலு காலு, ஒண்ணோட ஒண்ணு கால் பின்னிக்கும், எடை குறைவா இருந்தும் நிக்கிறதுக்குக் காரணம் அந்தப் பின்னல்தான். 1960கள்ல தென்னாப்பிரிக்கா ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துல டோலோஸ்ங்கற பிளாக் வந்துச்சு, 1981ல அக்ரோபாட்ங்கற பிளாக், அது ரெண்டு லேயர் இல்லாம ஒரே லேயர்ல நிக்கும், கேரளா விழிஞ்சம் துறைமுகத்துல போட்டிருக்கறது அந்த வகைதான். ஹட்சன் கணக்குல அலை எத்தன செகண்டுக்கு ஒண்ணு வருது, புயல் எத்தன மணி நேரம் அடிக்குதுங்கறது எல்லாம் கிடையாது, 1988ல வந்த வான் டெர் மீர் முறையில அது உண்டு. ரெண்டையும் போட்டுப் பாத்துட்டு மாடல் டெஸ்ட்ட நம்புங்க.

நம்ம 12 டன் டெட்ராபாட் 5 கன மீட்டர் காங்கிரீட், உயரம் 2.6 மீட்டர், ஒரு ஆளு அது பக்கத்துல நின்னா குட்டியா தெரிவான். ரெண்டு லேயரா போட்டா கவசம் மூணரை மீட்டர் தடிமன், 100 சதுர மீட்டருக்கு 35, 36 பிளாக். அலைத்தடுப்பு உச்சி கடல் மட்டத்துக்கு மேல 5 மீட்டர்னா சரிவு நீளம் 20 மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அப்ப ஒவ்வொரு மீட்டர் முன்னேறவும் ஏழெட்டு பிளாக், 100 மீட்டருக்கு 740. இருபது மோல்டு வச்சு தினம் ஒரு தடவ வார்த்தாலும் 37 நாள். இந்தக் கணக்க வேலை தொடங்குற அன்னைக்கே போட்டு சுவத்துல ஒட்டிடுங்க, ஏன்னா கடல் பக்கம் கல்லு வேகமா ஓடி, பிளாக் வார்க்குற யார்டுல பிளாக் ரெடி ஆகலைன்னா கோர் அம்மணமா நிக்கும்.

அடுத்து குவாரி. கல்லு அடர்த்தி 2.6க்கு மேல இருக்கணும், தண்ணி உறிஞ்சுறது ரொம்பக் கம்மியா இருக்கணும், மயிரிழை விரிசல் கூடாது. நம்ம மாவட்டத்துல கிடைக்கற சார்னக்கைட் நல்ல கருங்கல்லு, ஆனா அதே மலையில மக்கிப்போன பகுதியும் இருக்கும், லோடுல கலந்து அனுப்புவாங்க, சுத்தியலால தட்டினா கணீர்னு சத்தம் வரணும், பொத்துன்னு கேட்டா திருப்பி அனுப்புங்க. இதவிட முக்கியம் விகிதம். ஒரு தடவ வெடி வச்சா ஒண்ணு ரெண்டு டன் கல்லு கொஞ்சமா வரும், சின்னக் கல்லும் தூளும் மலையா வரும். டிசைன்ல பெரிய கல்லு நிறையக் கேட்டுட்டா மிச்சம் எல்லாம் குவாரியில தேங்கும், பெரிய கல்லுக்காகக் கடல்ல வேலை நிக்கும். அதனால குவாரி என்ன தருமோ அதப் பாத்து லேயரோட அளவ முடிவு பண்றதுதான் புத்தி. நம்ம செக்‌ஷனுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு எல்லாம் சேத்து 400 டன்னுக்கு மேல போகும், ஆழம் 10 மீட்டர் ஆனா அது ஒன்றரை மடங்கு. அவ்வளவு டிப்பர் எந்த ஊர் ரோட்டு வழியாப் போகும், பள்ளிக்கூடம் விடுற நேரம் என்ன, தூசிக்குத் தண்ணி யாரு தெளிப்பாங்க, இதையும் முன்னாடியே பேசி வைங்க. அந்த மலைக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களும் மனுசங்கதான். கோர்ல தூளும் மண்ணும் கலந்து வந்தா எடை மேடையிலயே நிறுத்துங்க, மண்ணு கலந்த கோர் தண்ணிய விடாது, உள்ள அழுத்தம் ஏறி மேல இருக்கற போர்வையத் தூக்கிரும்.

வார்க்குற யார்டு பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன், நிறைய பேர் அலட்சியமா விடுறது இங்கதான். டெட்ராபாட்ல கம்பி போட மாட்டோம், கடல்ல கம்பி துருப்பிடிச்சு உள்ளயிருந்தே பிளாக்க வெடிக்க வச்சிரும், அப்ப முழுக்க முழுக்க காங்கிரீட்டோட பலத்துலதான் நிக்குது. காங்கிரீட் கிரேடு எம்30ல இருந்து எம்40 வரைக்கும் டிசைன் என்ன சொல்லுதோ அது, தண்ணி கம்மியா, ஸ்லாக் (இரும்பு ஆலைக் கசடு) கலந்த சிமெண்டோ, பிபிசிங்கற சாம்பல் கலந்த சிமெண்டோ. உப்புத் தண்ணி கலவைக்கும் கூடாது, நனைக்கவும் கூடாது. மோல்டு அடிப்பகுதி ஒண்ணு, மேல போல்ட்டு போட்டு மூடுற துண்டுங்க, உள்ள எண்ணெய் தடவி மேல்கால் வாய் வழியா ஊத்தணும், கொஞ்சம் கொஞ்சமா லேயர் லேயரா, ஒவ்வொரு லேயருக்கும் வைப்ரேட்டர். கால்கள் சரிவா இருக்கறதால மேல் பக்கத்து உள் விளிம்புல காத்துக் குமிழி மாட்டிக்கும், அந்த இடத்துல வைப்ரேட்டர் புடிக்கிறவரு பொறுமையா நிக்கணும், அவருக்கு அவசரம் குடுக்காதீங்க.

சூடு இன்னொரு எதிரி. 5 கன மீட்டர் காங்கிரீட் ஒரே கட்டியா இறுகும்போது நடு வயிறு கொதிக்கும், வெளித்தோலு காத்துல ஆறிடும், உள்ளுக்கும் வெளிக்கும் 20 டிகிரிக்கு மேல வித்தியாசம் போனா கால் சேர்ற கழுத்துல விரிசல் விடும். அந்த விரிசல் யார்டுல கண்ணுக்குத் தெரியாது, கடல்ல முதல் பெரிய அலையில கால் உடைஞ்சப்புறம்தான் தெரியும். அதனால சித்திரை வைகாசியில பகல்ல வார்க்காதீங்க, சாயங்காலத்துக்கு மேல வாருங்க, ஜல்லிய நிழல்ல வச்சு தண்ணி தெளிங்க, தேவைப்பட்டா ஐஸ் போடுங்க. மறுநாள் மோல்டு கழட்டினதும் ஈரச்சாக்கு சுத்திடணும். ஒவ்வொரு பிளாக்குலயும் நம்பரும் தேதியும் பெயிண்டுல எழுதுங்க, கியூப் டெஸ்ட் (அதே காங்கிரீட்ல கட்டி வார்த்து நசுக்கிப் பாக்குறது) ரிசல்ட்டு அந்த நம்பரோட ஒட்டியிருக்கணும். தூக்குறதுக்கு முன்னாடி தேவையான பலம் வந்துச்சான்னு பாத்துட்டுத்தான் ஸ்லிங் (தூக்குற கயிறு) மாட்டணும், கடல்ல இறக்க 28 நாள் ஆகட்டும்.

கடல் வேலைக்கு வருவோம். காலண்டர்தான் இங்க முதலாளி. மேற்குக் கரையில புரட்டாசி கடைசியில இருந்து வைகாசி பாதி வரைக்கும்தான் தைரியமா வேலை, அதுலயும் ஐப்பசி கார்த்திகையில புயல் வரலாம். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்ப விழிஞ்சத்துல கட்டிக்கிட்டிருந்த அலைத்தடுப்போட ஒரு பகுதி போச்சு. அதே கடல்ல நம்ம ஊர் மீன்பிடிக்காரங்க எத்தன பேரு திரும்பி வரலைங்கறத நினைச்சா இன்னைக்கும் நெஞ்சு கனக்கும். கட்டி முடிச்ச அலைத்தடுப்பு புயலத் தாங்கும், பாதியில நிக்கிற அலைத்தடுப்பு வெறும் கல்லு மேடு.

வேலை வரிசை இப்படி. அடி மணலா இருந்தா முதல்ல ஜியோடெக்ஸ்டைலோ (தண்ணிய விட்டு மணலப் புடிச்சு வைக்கிற துணி) சின்னக் கல்லு மெத்தையோ விரிக்கணும், இல்லேன்னா கல்லு மணலுக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். ஆழமான பகுதிக்கு அடி திறக்குற பார்ஜ்ல (சரக்குத் தோணி) கல்லக் கொண்டு போய்க் கொட்டலாம், பார்ஜ் மிதக்க ஆழம் பத்தாத உயரம் வந்ததும் நிறுத்தி, அதுக்கு மேல கரையில இருந்து டிப்பர்ல கொட்டிக்கிட்டே முன்னேறணும். கோர் உச்சி வேலியேத்தத்துக்கு மேல இருக்கணும், கிரேன் நிக்க பக்கத்துல டிப்பர் போக அகலம் இருக்கணும், இல்லேன்னா ஒரு வண்டி ரிப்பேர் ஆனாலே மொத்த வேலையும் நிக்கும். கொட்டின கல்லு அதுவா ஒரு சரிவுல நிக்கும், அத லாங் பூம் ஹிட்டாச்சி வச்சு டிசைன் சரிவுக்கு சீவணும், சர்வேயர் தண்ணிக்கு அடியிலயும் அளந்து புரொஃபைல் குடுக்கணும், கண் மதிப்புல சரின்னு சொல்றத ஏத்துக்காதீங்க.

கோருக்குப் பின்னாலயே அண்டர்லேயர், அதுக்குப் பின்னாலயே டோ, அதுக்குப் பின்னால கவசம், ரயில் பெட்டி மாதிரி ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டே போகணும். மூடாத கோர் 25 மீட்டர், ரொம்பப் போனா 50 மீட்டருக்கு மேல நீளக் கூடாது. நான் சின்ன வயசுல வேலை பாத்த ஒரு சைட்ல கல்லு நிறைய வருதேன்னு மே கடைசி வரைக்கும் கோரத் தள்ளிக்கிட்டே போனோம், யார்டுல பிளாக் இல்ல, ஜூன் முதல் வாரம் கடல் ஏறுச்சு, மூணு நாள்ல தலைப்பக்கம் (கடலுக்குள்ள முடியுற முனை) அப்படியே படுத்துருச்சு, அந்தக் கல்லு போய் படகு வர்ற வாய்க்கால்ல பரவி அத அள்ளவே அடுத்த சீசன் பாதி போச்சு. அன்னைலருந்து ஏப்ரல் கடைசி வந்தா முன்னேறுறத நிறுத்திட்டு, நிக்கிற முனைய பெரிய கல்லும் பிளாக்கும் வச்சு தற்காலிகத் தலையா கட்டிட்டுத்தான் மத்த வேலை.

டோ வைக்காம டெட்ராபாட் வைக்கவே கூடாது. மேல வர்ற மொத்த கவசமும் சாஞ்சு நிக்கிறது அந்த அடிக்கால்லதான், அது ஒரு மீட்டர் நகந்தா மேல எல்லாம் சறுக்கும். அப்புறம் டெட்ராபாட கீழ இருந்து மேல வரிசையா ஏத்தணும், ஒவ்வொண்ணுக்கும் வரைபடத்துல ஒரு புள்ளி உண்டு, கிராலர் கிரேன் பூம்ல ஜிபிஎஸ் வச்சு அந்தப் புள்ளியில இறக்கணும். முதல் லேயர் மூணு கால் அண்டர்லேயர்ல ஊனி ஒரு கால் வெளிய நீட்டிக்கிட்டு, ரெண்டாவது லேயர் தலைகீழா, ஒரு கால் கீழ் லேயர் இடுக்குல சொருகி உக்காரணும். இறக்குனதும் ஸ்லிங்க விட்டுடாதீங்க, லேசா தளத்திப் பாருங்க, ஆடுதா உருளுதான்னு. ஆடுற பிளாக் ஒவ்வொரு அலைக்கும் பக்கத்துப் பிளாக்க இடிச்சு இடிச்சு ரெண்டும் உடையும். தண்ணிக்கு அடியில டைவர் பாத்து சொல்லணும், கலங்கல் அதிகமா இருந்து டைவருக்குக் கை தெரியலைன்னா அன்னைக்கு அடி வரிசை வேலையே வேண்டாம். பிளாக்க எண்ணிக்கிட்டே இருங்க, 100 சதுர மீட்டருக்கு 35 வரணும்னா 30ல முடிஞ்சா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், 40 போச்சுன்னா பின்னாம ஒண்ணு மேல ஒண்ணு சும்மா உக்காந்திருக்குன்னு அர்த்தம். அக்ரோபாட்னா கதை வேற, ஒவ்வொண்ணும் வேற வேற கோணத்துல திரும்பியிருக்கணும், அண்டர்லேயர் சமமா இருக்கறது அங்க ரொம்பக் கறாரு.

தலைப்பகுதிக்குத் தனி கணக்கு. அங்க அலை மூணு பக்கமும் சுத்தி வரும், பின்பக்கமா பிளாக்க உருவும், பக்கத்து பிளாக்கோட தாங்குதலும் கம்மி. டெட்ராபாடுக்கு எண் 7 இருந்த இடத்துல 5 ஆயிடும், அப்ப உடம்புல 12 டன் போட்டா தலையில 16, 17 டன். மோல்டு வேற, கிரேன் வேற, எட்டும் தூரம் வேற, அதனால கிரேன் வாடகைக்கு எடுக்கும்போதே தலைய மனசுல வச்சு எடுங்க.

பிளாக்கப் பெருசாக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறவங்களுக்கு போர்ச்சுகல்ல சினெஷ் துறைமுகத்த சொல்வேன். 42 டன் டோலோஸ், உலகத்துலயே ஆழமான இடத்துல கட்டின அலைத்தடுப்புகள்ல ஒண்ணு, 1978 பிப்ரவரி 26 புயல்ல கவசத்துல பெரும்பகுதி போயிருச்சு. டோலோஸுக்கு நடுத்தண்டு ஒல்லி, பெருசாக்கப் பெருசாக்க எடை ஏறுற வேகத்துக்கு தண்டோட பலம் ஏறாது, ஆட ஆரம்பிச்சதும் முறியும், முறிஞ்சா பின்னல் போச்சு. அதுக்கு அப்புறம்தான் உலகம் பூரா குண்டான, உடையாத வடிவத்துப் பக்கம் திரும்புனாங்க.

கிரவுன் வால அவசரமா ஊத்தாதீங்க. குவியல் ஒரு மழைக்கால அலையிலயாவது அடிபட்டு அமரட்டும், அப்புறம் துண்டு துண்டா இணைப்பு விட்டு வாருங்க, அமர்ந்தாலும் விரிசல் விடாது. அலைப்பக்கம் டெட்ராபாட் அந்தச் சுவரோட உயரத்துக்கு மூடியிருக்கணும், வெறும் சுவரு கடலப் பாத்து நிக்கக் கூடாது.

வேலை முடிஞ்சதும் ஜனங்க அதுல ஏறி தூண்டில் போடுவாங்க, செல்ஃபி எடுப்பாங்க. மும்பை மெரைன் டிரைவ்ல டெட்ராபாட் இடுக்குல விழுந்தவங்கள மீட்க எவ்வளவு பாடுபடுறாங்கன்னு செய்தியில பாத்திருப்பீங்க. பாசி புடிச்ச காங்கிரீட் சோப்பு மாதிரி வழுக்கும், இடுக்குல விழுந்தா அலை உள்ள ஏறும், கயிறு போட்டு எடுக்கறதே கஷ்டம். போர்டு, வேலி, ரெண்டு இடத்துல கயிறும் மிதவையும், ஊர்ப் பசங்களோட ஒரு பேச்சு, இத எஸ்டிமேட்லயே சேருங்க. வேலை நடக்கும்போதும் தூக்குன பிளாக்குக்குக் கீழ ஒருத்தரும் நிக்கக் கூடாது, ரிக்கரோட (பிளாக்க மாட்டி சைகை காட்டுறவரு) கை சைகை தவிர வேற யாரு சொன்னாலும் கிரேன் ஆபரேட்டர் கேக்கக் கூடாது, நிறுத்துன்னு சொன்னா மட்டும் யாரு சொன்னாலும் நிறுத்தணும்.

முதல் ஆனி ஆடி முடிஞ்சதும், ஆவணியில கடல் கொஞ்சம் அடங்குற அன்னைக்கு, நீங்களே போய் அதே அஞ்சாறு இடத்துல நின்னு போட்டோ எடுங்க, டிரோன் பறக்க விடுங்க, தண்ணிக்கு அடியில சர்வே போடுங்க, போன வருஷப் படத்தோட பக்கத்துல வச்சு எந்த நம்பர் பிளாக் நகந்திருக்கு, எதுக்குக் கால் உடைஞ்சிருக்கு, டோ இருந்த இடத்துல இருக்கான்னு பாத்து எழுதி வைங்க. மோல்ட பழைய இரும்புக்கு வித்துடாம நாலஞ்ச எண்ணெய் தடவி ஷெட்டுல வைங்க, யார்டுல முப்பது நாப்பது பிளாக் மிச்சம் கிடக்கட்டும், அடுத்த வைகாசிக்குள்ள ஓட்டைய அடைக்க அது வேணும்.